பூவின் 'உண்மையான நிறம்' எது? கண்ணும் மூக்கும் விரலும் ஒரு மலரை அறியும் விதம்

ஒரே பூவின் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இடது பக்கம் நமக்குத் தெரிவது, வலது பக்கம் இருப்பதுதான் உண்மையான நிறம்" என்று எழுதிய பதிவுகள் சமூக ஊடகங்களில் அடிக்கடி சுற்றுகின்றன. முதல் படத்தில் பூ முழு மஞ்சள். இரண்டாவதில் அதே பூ நடுவில் கறுத்து, ஓரத்தில் வெளுத்து, அம்பெய்யும் இலக்கைப் போல நிற்கிறது. புற ஊதா ஒளியில் எடுத்த படம் அது. படத்தில் பொய்யில்லை, கூடவே எழுதிய வரியில்தான் கோளாறு. பூவுக்கென்று அசல் நிறம் ஒன்று இருப்பதாகவும், நம் கண் அதை ஒளித்துவைப்பதாகவும் அந்த வரி சொல்கிறது. நிறம் எங்கே பிறக்கிறது, மணம் எங்கே பிறக்கிறது என்று அடியிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தால் இந்தக் குழப்பம் விலகும்.

## முதலில் மூன்று சொற்கள்

1. தூண்டல்: பூவிலிருந்து நம் உடலை வந்தடைவது. இதழில் பட்டுத் திரும்பும் ஒளி, காற்றில் மிதந்து வரும் மூலக்கூறு, தோலில் விழும் அழுத்தம், விரலிலிருந்து இதழுக்குப் போகும் சூடு. இவ்வளவுதான். இவற்றில் சிவப்பும் கிடையாது, வாசனையும் கிடையாது.

2. பதிவு: கண்ணிலும் மூக்கிலும் தோலிலும் உள்ள ஏற்பிகள் அந்தத் தூண்டலை நரம்புத் துடிப்பாக மாற்றுவது. கண்ணிலிருந்து கிளம்பும் துடிப்புக்கும் மூக்கிலிருந்து கிளம்பும் துடிப்புக்கும் தன்மையில் பெரிய வேறுபாடு இல்லை. எந்த வழியாக வந்தது என்பதை வைத்தே மூளை இரண்டையும் பிரித்தறிகிறது. மூடிய கண்ணை லேசாக அழுத்தினால் ஒளிப்புள்ளிகள் தெரிவது இதனால்தான். அழுத்தம் என்றாலும், கண் நரம்பு வழியே வந்தால் மூளைக்கு அது வெளிச்சம்.

3. அறிதல்: வந்த துடிப்புகளையும் பழைய நினைவுகளையும் சேர்த்து மூளை எடுக்கும் முடிவு. 'சிவப்பு', 'மணம்', 'செம்பருத்தி' என்பவை இங்கேதான் உண்டாகின்றன.

## நிறம்: இதழ் செய்யும் வேலை

இதழில் இருப்பவை நிறமிகள். ஆந்தோசயனின் சிவப்பு, ஊதா, நீலம் ஆகியவற்றுக்கும், கரோட்டினாய்டு மஞ்சள், ஆரஞ்சு ஆகியவற்றுக்கும் காரணம். காகிதப்பூ, அந்திமந்தாரை போன்ற சில செடிகளில் மட்டும் ஆந்தோசயனினுக்குப் பதிலாக பீட்டாலைன் என்னும் வேறொரு குழு இருக்கிறது. நிறமியின் வேலை, வரும் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிவிட்டு மிச்சத்தை விட்டுவிடுவது.

அப்படியானால் வெள்ளைப் பூவில் என்ன நிறமி? வெள்ளை நிறமி என்று எதுவுமில்லை. வெள்ளை இதழ் ஒன்றைக் கிள்ளி, இரு விரல்களுக்கு நடுவே வைத்து அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். அழுத்திய இடம் எண்ணெய் பட்ட தாள்போலக் கண்ணாடியாகிவிடும். இதழின் செல்களுக்கு நடுவே காற்று நிரம்பிய இடைவெளிகள் இருந்தன. ஒளி அவற்றில் திரும்பத் திரும்ப மோதிச் சிதறியதால் வெண்மை தெரிந்தது. நசுக்கியதும் காற்று போனது, வெண்மையும் போனது. ஜப்பானிய மலைகளில் வளரும் டிஃபிலியா கிரேயி என்ற செடியின் வெள்ளைப் பூ, மழையில் நனைந்ததும் கண்ணாடிபோல ஆகிவிடுவது இந்தக் காரணத்தால்தான். இடைவெளிகளில் காற்றுக்குப் பதில் தண்ணீர் புகுந்துவிடுகிறது. காய்ந்தால் மறுபடி வெள்ளை.

இதழின் மேல்தோலும் கவனிக்கத் தக்கது. பல பூக்களில் அங்குள்ள செல்கள் தட்டையாக இல்லாமல் குட்டிக் குட்டிக் கோபுரங்களாக மேலெழுந்திருக்கும். அவை ஒளியை உள்ளே நிறமி இருக்கும் இடத்துக்குக் குவித்து அனுப்புவதால் நிறம் ஆழமாகத் தெரிகிறது. ஸ்னாப்டிராகன் செடியில் ஒரு மரபணு கெட்டு இந்தச் செல்கள் தட்டையாகிவிட்டால், நிறமி அதேதான் என்றாலும் பூ வெளிறித் தெரிகிறது. இந்தக் கோபுரங்களை விரல்நுனியில் மறுபடி சந்திப்போம்.

## நிறம்: கண் செய்யும் வேலை

விழித்திரையில் ஒளியைப் பிடிக்கும் செல்கள் இரண்டு வகை. மங்கலான வெளிச்சத்துக்குக் குச்சிச் செல்கள், ஒரு கண்ணில் சுமார் 12 கோடி. பகல் வெளிச்சத்துக்கும் நிறத்துக்கும் கூம்புச் செல்கள், சுமார் 60 லட்சம். கூம்புச் செல்களில் மூன்று ரகம் உண்டு. ஒன்று 420 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டியும், ஒன்று 530ஐ ஒட்டியும், ஒன்று 560ஐ ஒட்டியும் அதிகமாகத் தூண்டப்படும். ஒரு கூம்புக்குத் தனியாக நிறம் தெரியாது. எவ்வளவு தூண்டப்பட்டேன் என்பதை மட்டுமே அது சொல்லும். மூன்றும் சொல்வதை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் நிறம் கணிக்கப்படுகிறது.

மஞ்சள் பூவை வைத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

1. கரோட்டினாய்டு நிறமி நீலப் பகுதி ஒளியை விழுங்கிவிடுகிறது. பச்சை முதல் சிவப்பு வரையிலான ஒளி திரும்பி வருகிறது.

2. 530, 560 ரகக் கூம்புகள் இரண்டும் நன்றாகத் தூண்டப்படுகின்றன. 420 ரகம் ஏறக்குறைய சும்மா இருக்கிறது.

3. இந்த விகிதத்துக்கு மூளை வைத்திருக்கும் பெயர் 'மஞ்சள்'.

4. செல்பேசித் திரையில் அதே பூவின் படம். திரையில் மஞ்சள் ஒளிவிளக்கு என்று தனியாக இல்லை. சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று புள்ளிகள்தான் உண்டு. சிவப்பும் பச்சையும் எரிந்து, நீலம் அணைந்திருக்கிறது. கூம்புகளுக்குப் பழைய விகிதமே கிடைக்கிறது. நமக்கும் அதே மஞ்சள்.

ஒளி வேறு, நிறம் அதே. நிறமும் அலைநீளமும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை.

செல்பேசி எப்போதும் இப்படி ஏமாற்றிவிடுவதும் இல்லை. அடர்சிவப்புப் பூவைப் படமெடுத்தால் இதழின் மடிப்பெல்லாம் மறைந்து ஒரே சிவப்புத் திட்டாகிவிடுவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். கேமராவின் சிவப்புப் பகுதி தன் உச்ச அளவைத் தொட்டு நின்றுவிடுகிறது, அதற்குமேல் உள்ள ஏற்ற இறக்கம் பதிவாவதில்லை. கூடவே, கண் ஓயாமல் செய்யும் இன்னொரு வேலையிலும் கேமரா தடுமாறுகிறது. உச்சி வெயிலில் வரும் ஒளியும் மரநிழலில் வரும் ஒளியும் நிறச் சேர்க்கையில் வேறு வேறு. ஆனாலும் நிழலில் இருக்கும் வெள்ளைப் பூ நமக்கு நீலமாகத் தெரிவதில்லை. சுற்றியுள்ள எல்லாவற்றையும் பார்த்து, வெளிச்சத்தின் சாயத்தைக் கழித்துவிட்டுத்தான் மூளை நிறத்தைச் சொல்கிறது.

## டால்டன் பார்த்த ஜெரேனியம்

நிறப்பார்வைக் குறைபாடு முதன்முதலாக ஒழுங்காக எழுத்தில் பதிவானதற்கே ஒரு பூதான் காரணம். அணுக் கொள்கையால் பின்னாளில் புகழ்பெற்ற ஆங்கிலேயர் ஜான் டால்டன், 1792இல் ஜெரேனியம் பூ ஒன்றை மெழுகுவத்தி வெளிச்சத்தில் பார்த்தார். மற்றவர்களுக்கு அது இளஞ்சிவப்புப் பூ. அவருக்கோ பகலில் வான நீலம், மெழுகுவத்தியில் நீலத்தின் சுவடே இல்லாத சிவப்பு. நண்பர்களைக் கேட்டார், யாருக்கும் அப்படி மாறித் தெரியவில்லை. அவருடைய சகோதரருக்கு மட்டும் அப்படியே தெரிந்தது. 1794இல் இதைக் கட்டுரையாக வாசித்தார்.

காரணம் இப்போது தெளிவாகத் தெரியும். அந்தப் பூ சிவப்புப் பகுதியையும் நீலப் பகுதியையும் சேர்த்தே திருப்பி அனுப்புகிறது. மூன்று கூம்புகள் உள்ளவருக்கு அந்தக் கலவை இளஞ்சிவப்பு. டால்டனுக்கு 530 ரகம் கிடையாது. பகலில் நீலப் பகுதி ஓங்கி நின்றது. மெழுகுவத்திச் சுடரில் நீல ஒளி மிகக் குறைவு என்பதால் தராசு மறுபக்கம் சாய்ந்துவிட்டது.

தன் கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீலச் சாயம் கொண்டது என்று டால்டன் நம்பினார். இறந்த பிறகு திறந்து பார்க்கும்படி சொல்லியும் வைத்தார். 1844இல் பார்த்தார்கள், திரவம் தெளிவாகவே இருந்தது. பத்திரப்படுத்தி வைத்திருந்த அந்தக் கண்ணின் மரபணுவை ஆராய்ந்து, இல்லாதது 530 ரகக் கூம்பின் நிறமிதான் என்று 1995இல் உறுதிசெய்தார்கள். 530, 560 ரகங்களுக்கான மரபணுக்கள் ஆண்களுக்கு ஒன்றே ஒன்று உள்ள எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் இந்தக் குறைபாடு ஆண்களிடமே அதிகம். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதம் பேருக்கு ஏதோ ஓர் அளவில் இது உண்டு.

## அந்தியில் கறுக்கும் சிவப்பு

மூன்று கூம்பும் சரியாக உள்ளவருக்குமே ஒரு நாளில் இரண்டு விதமான பூ தெரிகிறது. வெயிலில் பச்சை இலைகளுக்கு நடுவே பளிச்சென்று நிற்கும் சிவப்புப் பூ, பொழுது சாயச் சாய இலையைவிடக் கறுத்துவிடும். நீலப் பூக்களோ அந்த நேரத்தில் சற்றுத் துலங்கி நிற்கும். செக் நாட்டு உடலியல் அறிஞர் யான் புர்கின்யே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைக் கவனித்து எழுதியதால் இன்றும் அவர் பெயரால் சொல்கிறார்கள். வெளிச்சம் குறையும்போது கூம்புகள் ஓய்ந்து குச்சிகள் பொறுப்பேற்கின்றன. குச்சிகள் 500 நானோமீட்டரை ஒட்டிய ஒளிக்கே அதிகம் தூண்டப்படுபவை, நீண்ட அலைச் சிவப்பு அவற்றுக்கு இருட்டு.

இரவில் மலரும் பூக்களில் வெள்ளையும் வெளிர்மஞ்சளும் மிகுதியாக இருப்பதையும், அவை மணத்தில் தாராளம் காட்டுவதையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். நிறம் செல்லாத நேரத்தில் அந்துப்பூச்சியை அழைக்க வேறு வழியில்லை. இன்னொன்று: இருட்டில் ஒரு வெள்ளைப் பூவை நேராக உற்றுப் பார்த்தால் மங்கிவிடும், பார்வையைக் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்தினால் தெளியும். விழித்திரையின் நட்டநடுவில் குச்சிச் செல்களே இல்லை.

## புற ஊதா படம் காட்டுவது என்ன?

இப்போது தொடக்கத்தில் சொன்ன படத்துக்கு வரலாம்.

1. பல பூக்களின் இதழில் புற ஊதா ஒளியை விழுங்கும் பகுதியும் திருப்பி அனுப்பும் பகுதியும் தனித்தனியே உண்டு. தேன் இருக்கும் நடுப்பகுதிக்கு வழிகாட்டும் கோலங்கள் அவை. இது உண்மை.

2. தேனீக்கு அது தெரியும். அதன் கண்ணிலும் ஏற்பிகள் மூன்று ரகம்தான், ஆனால் புற ஊதா, நீலம், பச்சை. சிவப்புக்கென்று தனி ஏற்பி கிடையாது. தேனீக்கு நிறப்பார்வை உண்டு என்பதை விலங்கியல் அறிஞர் கார்ல் ஃபான் ஃபிரிஷ் 1914இல் நிறுவினார்.

3. நமக்குத் தெரியாததற்கு முதல் காரணம் கண்ணின் வில்லை, அதாவது லென்ஸ். 400 நானோமீட்டருக்குக் கீழே உள்ள ஒளியில் பெரும்பகுதியை அது தடுத்துவிடுகிறது. வில்லையை நீக்கிவிட்டு மாற்று வில்லை வைக்காதவர்கள் புற ஊதாவின் ஒரு பகுதியை வெளிர்நீலம்போலப் பார்க்கிறார்கள். விழித்திரைக்கு அந்தத் திறன் கொஞ்சம் இருக்கிறது, ஒளிதான் உள்ளே வந்து சேர்வதில்லை.

4. படத்தில் உள்ள நிறங்கள் தேனீ பார்க்கும் நிறங்களும் அல்ல. புற ஊதா பதிவான இடத்துக்கு நம் கண்ணுக்குத் தெரியும் ஏதோ ஒரு நிறத்தைப் படமெடுத்தவர் கொடுத்திருக்கிறார், அவ்வளவே. கோலம் நிஜம், நிறம் ஏற்றப்பட்டது.

ஆகவே 'உண்மையான நிறம்' என்ற பேச்சே இங்கே பொருந்தாது. பூவின் நிறமிகள் பெரும்பாலும் பூச்சிகளையும் பறவைகளையும் நோக்கித்தான் உருவாகி வந்திருக்கின்றன. வேறொருவர் பெயருக்கு வந்த கடிதத்தில் நமக்குப் புரிந்த பக்கங்களை நாம் படித்துக்கொண்டிருக்கிறோம்.

## மணம்: கண்ணைவிடச் சிக்கலான கணக்கு

நிறத்துக்கு மூன்று ரக ஏற்பிகள் போதும். மணத்துக்கு மனித மூக்கில் சுமார் 400 ரகங்கள் உள்ளன. இந்த ஏற்பிகளின் மரபணுக் குடும்பத்தை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவரும் 1991இல் கண்டறிந்தார்கள், 2004இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

மூச்சோடு உள்ளே போகும் மூலக்கூறு, மூக்குக் குழியின் கூரையில் உள்ள ஈரப் படலத்தில் கரைந்து ஏற்பியைத் தொட வேண்டும். ஒரு மூலக்கூறு பல ஏற்பிகளைத் தூண்டும், ஓர் ஏற்பி பல மூலக்கூறுகளுக்கு இசையும். எந்த ஏற்பிகள் எந்தச் சேர்க்கையில் தூண்டப்பட்டன என்பதே மணத்தின் அடையாளம், பல சுரங்களை ஒன்றாக வாசிப்பது மாதிரி. ரோஜா மணம் என்பது ஒரு பொருள் இல்லை. ஜெரானியால், சிட்ரோனெல்லால், ஃபீனைல் எத்தில் ஆல்கஹால் என்று நூற்றுக்கணக்கான பொருள்கள் அதில் உள்ளன. அளவில் அதிகம் இருப்பதுதான் மணத்தில் ஓங்கும் என்பதும் கிடையாது. ரோஜா எண்ணெயில் ஒரு சதவீதம்கூடத் தேறாத பீட்டா டாமசினோன், மூக்குக்கு மிகச் சிறிய அளவே போதும் என்பதால், மணத்தில் பெரும்பங்கு வகிக்கிறது.

மல்லிகையில் இன்னும் வேடிக்கை. அதன் மணத்தில் பென்சில் அசிட்டேட், லினலூல் ஆகியவற்றோடு இண்டோல் என்னும் பொருளும் கொஞ்சம் உண்டு. மலத்தின் நாற்றத்திலும் இதே இண்டோல்தான் இருக்கிறது. செறிவாக இருந்தால் மூக்கைப் பொத்த வைப்பது, துளியாக மற்றவற்றோடு கலந்தால் மல்லிகைக்கு அந்தக் கனத்தைத் தருகிறது. 'நாற்றம்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பழந்தமிழில் அதற்கு மணம் என்றுதான் பொருள். இன்று அதே சொல் முகத்தைச் சுளிக்க வைக்கிறது. இண்டோலுக்கு மிகப் பொருத்தமான சொல் இதுதான்.

மற்றப் புலன்களின் செய்திகள் தாலமஸ் என்ற இடைநிலையத்தில் இறங்கி ஏறித்தான் மூளையின் மேலடுக்கான புறணிக்குப் போகின்றன. மணம், மூக்குக்கு மேலே மூளையின் அடியில் உள்ள நுகர்ச்சிக் குமிழிலிருந்து நேரடியாகவே மணத்துக்கான புறணிக்கும், உணர்ச்சிகளோடு தொடர்புடைய அமிக்டலாவுக்கும் போய்விடுகிறது. ஒரு பூவின் வாசனை பெயர் நினைவுக்கு வருமுன்பே பழைய நாளொன்றைக் கிளப்பிவிடுவதற்கு இந்தக் குறுக்குவழியும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

## உங்களுக்கு மணக்கும் பூ எனக்கு மணக்காது

மணத்தில் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாடு, நிறத்தில் இருப்பதைவிடப் பெரிது. இதையும் ஒரு பூதான் காட்டிக்கொடுத்தது. அமெரிக்கத் தாவரவியலாளர் ஆல்பர்ட் பிளேக்ஸ்லீ 1918இல் எழுதினார்: வெர்பினா செடியில் ஒரு நிறப் பூ அவருக்கு மணத்தது, உதவியாளருக்கு மணக்கவில்லை. இன்னொரு நிறப் பூவில் நிலைமை தலைகீழ். இரண்டு பேர் மூக்கிலும் நோய் எதுவுமில்லை.

இன்று இதற்கு மரபணு அளவில் விளக்கம் கிடைத்திருக்கிறது. வயலட் பூவின் மணத்துக்கு முதன்மையான பீட்டா அயோனோன், ஓஆர்5ஏ1 என்ற ஏற்பியின் ஒரு வடிவம் உள்ளவர்களுக்குப் பூ மணமாகத் தெரிகிறது. வேறு வடிவம் உள்ளவர்களில் சிலருக்குத் தெரிவதே இல்லை, தெரிந்தாலும் புளிப்பாகவோ நெடியாகவோ தெரிகிறது. எனவே "இந்தப் பூவில் வாசனையே இல்லை" என்று ஒருவர் சொன்னால் வாக்குவாதம் செய்வதில் பயனில்லை. அவருக்கு இல்லை.

ஒரே ஆளுக்குள்ளும் மணம் நிலையாக நிற்காது. பூக்கள் நிறைந்த அறைக்குள் நுழைந்ததும் முகத்தில் மோதும் வாசனை சில நிமிடங்களில் காணாமல் போகிறது. மாறாமல் வந்துகொண்டே இருக்கும் செய்தியை ஏற்பிகளும் மூளையும் தணித்துவிடுகின்றன. வெளியே போய்த் திரும்பினால் மறுபடி மணக்கும்.

2020க்குப் பிறகு கோவிட் காரணமாக வாசனையை இழந்தவர்கள் ஏராளம். அந்த வைரஸ் முதன்மையாகத் தாக்குவது மணம் அறியும் நரம்புகளை அல்ல, அவற்றைச் சூழ்ந்து பேணும் துணைச் செல்களை. நரம்புகள் உடலில் மற்ற பல நரம்புகளைப்போல் இல்லாமல் வாழ்நாள் முழுதும் புதிதாக முளைக்கக்கூடியவை என்பதால் பெரும்பாலோர் மீண்டார்கள். மீளும் வழியில் சிலருக்கு ரோஜாவும் கருகல் நெடி வீசியது. சுரங்களில் சில மட்டும் திரும்பி வந்திருக்கும்போது அதே பாட்டு வேறு பாட்டாகிவிடுகிறது.

## விரல்நுனி

இதழை விரலால் சும்மா தொட்டுக்கொண்டு இருந்தால் வழவழப்பு மட்டுமே தெரியும். விரலை மெல்ல நகர்த்தினால்தான் அந்த வெல்வெட் தன்மை எழும். ஏன்?

1. விரல்நுனியில் இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாக உணர அவற்றுக்கு நடுவே சுமார் 2 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும்.

2. முன்பு சொன்ன கோபுரச் செல்கள் அதைவிடப் பல மடங்கு நெருக்கமானவை. அவற்றை ஒவ்வொன்றாக உணர வழியில்லை.

3. விரல் நகரும்போது அந்த மேடுபள்ளங்கள் தோலில் நுண்ணிய அதிர்வுகளை எழுப்புகின்றன. மெய்ஸ்னர், பசினியன் என்ற ஏற்பிகள் அதிர்வைப் பிடிப்பவை. மென்மை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்த அதிர்வின் சாயல்.

நிறத்தை ஆழமாக்கிய கோபுரங்களே கைக்கு வெல்வெட்டாகின்றன. தேனீயின் காலுக்கு அவை வழுக்காத பிடி.

பனி படர்ந்த இதழின் ஈரம் இன்னும் விசித்திரம். மனிதத் தோலில் ஈரத்துக்கென்று ஏற்பியே கிடையாது. குளிர்ச்சியும் அழுத்தமும் குறிப்பிட்ட விதத்தில் சேர்ந்து வந்தால் மூளை 'ஈரம்' என்று ஊகித்துக்கொள்கிறது.

## நாக்கும் காதும்

நாக்கு சொல்வது இனிப்பு, கசப்பு முதலிய ஐந்து சுவைகளைத்தான். மெல்லும் இதழின் 'ருசி' என்று தோன்றுவதில் பெரும்பங்கு, தொண்டை வழியே பின்பக்கமாக மூக்குக்கு ஏறும் வாசனை. (அரளி போன்ற நஞ்சுள்ள பூக்கள் பல உண்டு, சோதனைக்காகக் கூட வாயில் வைக்கக் கூடாது.) காதுக்குப் பூவிடம் வேலையில்லை, பூவைச் சுற்றும் ரீங்காரம்தான் மிச்சம். வேடிக்கை என்னவென்றால் பூவுக்கு அது 'கேட்கிறது' போலும். டெல் அவீவ் பல்கலைக்கழகத்தினர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், தேனீயின் ஒலியை ஒலிபரப்பியதும் ஒருவகைப் பூவின் தேனில் மூன்று நிமிடங்களுக்குள் சர்க்கரை கூடியது.

## எல்லாம் ஒன்றுசேரும் இடம்

புலன்கள் தனித்தனி அலுவலகங்களாக இயங்குவதில்லை. 2001இல் பிரான்சின் போர்தோ நகரில் வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து, ஒயின் பயிலும் 54 மாணவர்களிடம் கொடுத்தார்கள். அதன் மணத்தை அவர்கள் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் வருணித்தார்கள். 2003இல் வெளியான மூளைப் படப்பிடிப்பு ஆய்வு ஒன்றில், மணத்துக்குப் பொருத்தமான படத்தைக் காட்டியபோது மங்கலான மணத்தையும் ஆட்கள் விரைவாகக் கண்டுகொண்டார்கள். கண் முதலில் ஒரு முடிவு கட்டிவிடுகிறது, மூக்கு அதற்கேற்பத் தேடுகிறது.

நன்றாகச் செய்த துணிப் பூ இந்தக் கூட்டுவேலையின் சந்தியில் நிற்கிறது. கண் அதைப் பூ என்று ஏற்றுக்கொள்ளும். வாசனைத் திரவியம் தெளித்திருந்தால் மூக்கும் ஆமாம் போடும். சந்தேகம் வந்தவர் கையை நீட்டி இதழைத் தொடுவார். நீர்ச்சத்து நிறைந்த இதழ் விரலின் சூட்டைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும், அதனால் குளிர்ச்சி தெரியும். துணி அப்படி இழுக்காது. அந்தக் குளிர்ச்சி கிடைக்காத நொடியிலேயே விஷயம் தெரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு, சற்றுமுன்வரை அழகாக இருந்த நிறமும் சாயமாகத் தெரியத் தொடங்கும். இதழிலிருந்து வரும் ஒளி மட்டும் துளியும் மாறியிருக்காது.